மதுரையில் கடை பார்த்துக் கொடுத்த பாவி

ஊசி போடுகிற டாக்டருக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. ஆனால் சாப்பாட்டுக் கடை பார்த்துக் கொடுக்கிறவனுக்கு வாய் இருக்கிற அத்தனை பேரும் வாத்தியார்கள்தான்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரித்து வசை வாங்கியவர்கள், ஆபீஸ் டூருக்குப் பொறுப்பேற்று சிநேகிதர்களை இழந்தவர்கள், "நீயே ஒரு நல்ல ஓட்டலாப் பாத்துச் சொல்லு" என்ற வார்த்தையை நம்பிக் கெட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். உங்களுக்கு ஒரு நாள் நடந்தது எனக்கு ஏழு வருஷம் நடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டூரிஸ்ட் வேன் ஆபீசில் வேலை பார்த்தேன். ஹாக்கியில் கப் ஜெயித்தாலும் சரி, மிளகாய் வத்தலுக்கு விலை கிடைத்தாலும் சரி, ஒருத்தர் ரிட்டயர் ஆனாலும் சரி, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூட்டமாக மதுரைக்குப் போய்க் கொண்டாடினால்தான் கொண்டாட்டம். வேனை டிரைவர் ஓட்டுவார். எங்கே சாப்பிடுவது, குடிக்கிற கூட்டமாக இருந்தால் எங்கே குடிப்பது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. முதல் நாளே பஸ் ஏறிப் போய்விடுவேன். முதலில் கை கழுவுகிற இடத்தைப் பார்ப்பேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டு ரசத்தை ருசி பார்ப்பேன். சாம்பாரில் பருப்பைக் கொட்டித் தப்பை மறைத்துவிடலாம், ரசத்தில் அது நடக்காது. பாராக இருந்தால் மாடிப்படியைப் பார்ப்பேன். ஏறுகிறவன் எப்படியும் ஏறிவிடுவான். இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். நான் குடிக்கிறவன் இல்லை. ஒரு கோலி சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இவ்வளவும் செய்தவனுக்கு வேனில் என்ன பெயர் தெரியுமா? "சும்மா கூட வார ஆளு."

பெயர் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இந்த வேலையால் என் கல்யாணமே அந்தரத்தில் தொங்கியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உத்தியோகம் என்ன?

விளாத்திகுளம் ரோட்டில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிற குருசாமி என்ற சம்சாரியின் மகளை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். பெண்ணின் பெயர் ராஜாமணி. ஒரு கல்யாண வீட்டில் தூரத்தில் இருந்து பார்த்திருந்தேன், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குருசாமி மாமா மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அம்மா காலையிலேயே முறுக்குச் சுட்டு, டிகிரி காப்பி போட்டு எதிரே வைத்தாள். அவர் இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேச வந்தவர் சம்மதம் சொல்கிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

காப்பி ஆடை கட்டிக்கொண்டிருக்கும்போது மாமா உத்தியோகம் என்ன என்று கேட்டார். நான் விவரமாகச் சொன்னேன். கை கழுவுகிற இடத்தில் ஆரம்பித்து மாடிப்படிக் கைப்பிடி வரை ஒன்றையும் விடவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முடிவைத் தை பிறந்ததும் சொல்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"சாப்பாட்டுக் கடை பாத்துச் சொல்லுததுக்குச் சம்பளமா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு நாக்கு நீளம், தம்பி."

யார் வீட்டு வத்தல்?

அந்த வருஷம் மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை. விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகள் பதினைந்து பேர் வேன் பிடித்தார்கள். மழையை நம்பி விதைத்து, மழை பெய்து, பெய்த மழை காய்ப்பு நேரத்தில் நின்று, காய்ந்ததற்கு விலையும் கிடைப்பது என்பது கரிசல் காட்டில் தினமும் நடக்கிற காரியமா? அவர்கள் சந்தோஷத்துக்கு ஏற்ற கடையாக இருக்க வேண்டும் என்று நான் மதுரையில் இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் ஒரு கடையைப் பிடித்தேன். மட்டன் குழம்பு ரத்தச் சிவப்பு. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. நம் ஆட்கள் மெச்சுவார்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பதினைந்து பேரும் உட்கார்ந்தார்கள். மூத்தவர் குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறிப் போனது. நேரே அடுப்படிக்குப் போய் வத்தல் சாக்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தது எங்கள் ஊர் உருண்டை முண்டு வத்தல் இல்லை. ஆந்திராவில் இருந்து வந்த நீள வத்தல். அவ்வளவுதான், பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். ருசி நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கிறது என்கிறார்கள். காரம் போதுமா என்றால் போதும் என்கிறார்கள். ஆனால் சாப்பிட மாட்டார்களாம்! கடையைப் பார்க்கப் போனவன் ரசத்தைப் பார்ப்பானா, சாக்கின் பூர்வீகத்தைப் பார்ப்பானா? நீங்களே சொல்லுங்கள். கடைசியில் பதினைந்து பேரும் ஒரு டீக்கடை வாசலில் வரிசையாக நின்று பன் சாப்பிட்டார்கள். மூத்தவர் பன்னைக் காட்டி என்னிடம் சொன்ன வார்த்தை அன்று சாயங்காலமே குருசாமி மாமாவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது:

"எங்க வத்தலுக்கு வெல கெடச்சதக் கொண்டாட வந்தா, அடுத்தவன் வத்தலத் திங்கச் சொல்லுதீரே, நீரு நம்ம ஊர்க்காரர்தானா?"

ஒரு ஓரமாக

பலசரக்குக் கடை அண்ணாச்சிகள் எட்டுப் பேர், சங்கத்துக்குச் சொந்தக் கட்டிடம் கட்டி முடித்த மகிழ்ச்சியில் கிளம்பினார்கள். அதில் நான்கு பேர் சுத்த சைவம், நான்கு பேர் கோழி இல்லாமல் சோற்றைத் தொடாதவர்கள். இரண்டு கடையாகப் பிரிந்து சாப்பிடலாமே என்றேன். ஒற்றுமைக்காகக் கட்டிடம் கட்டிவிட்டுப் பிரிந்து சாப்பிடுவதா என்று கோபித்துக்கொண்டார்கள். சரி, இரண்டும் கிடைக்கிற கடைக்குப் போவோம் என்றேன். அதற்குச் சைவ அண்ணாச்சிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சங்கத் தலைவர் என்னைத் தனியே அழைத்துச் சமாதானமாகச் சொன்னார்:

"சைவ ஓட்டலாவே பாரு தம்பி, அதுல ஒரு ஓரமா கோழி இருந்தாப் போதும்."

ஊர்க்காரன் வராத பார்

குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வைக்கிற நிபந்தனை ஒன்றுதான். கோவில்பட்டிக்காரன் ஒருத்தனும் வராத இடமாக இருக்க வேண்டும். மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளை மறுபடி திறந்துவிட்ட புதிது அது. வாய்க்கு ஆசையும் இருந்தது, ஊருக்குப் பயமும் இருந்தது. நான் மதுரையில் சந்து சந்தாகப் போய், ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்குப் பின்னால், போர்டுகூட இல்லாத ஒரு மாடிப் பாரைக் கண்டுபிடித்தேன். அகலமான படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, வேர்க்கடலை அன்றன்றைக்கு வறுத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ரகசியமாக அந்த இடத்தைச் சொன்னேன்.

அங்கேதான் தவறு செய்தேன். எல்லாருக்கும் அதே இடத்தைச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரிட்டயர் ஆன ஒரு வாத்தியாரையும் அவருடைய சக வாத்தியார்களையும் அழைத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே பருத்தி வியாபாரிகள் ஒரு மேஜை. போன மாதம் நான் வழி சொன்னவர்கள். அடுத்த மேஜையில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்கள். அதற்கு முந்தின மாதம் சொன்னது. மூலையில் அந்த வாத்தியாரிடமே படித்த நான்கு பேர், அவரைக் கண்டதும் கிளாசை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவரும் பழக்கத்தில் உட்காருங்க என்று கை காட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பஸ் ஸ்டாண்டையே தூக்கிட்டு வந்து மாடியில வச்சுட்டீரே, தம்பி!"

இதோடு போயிருந்தால்கூடச் சகித்திருப்பேன். பருத்தி வியாபாரிகள் மேஜையில் இருந்த ஒருவர் குருசாமி மாமாவின் மச்சினர். நான் கோலி சோடாவும் கையுமாக நின்றதை அவர் பார்த்தார். மறுநாளே மாமா வீட்டுக்குப் போய், "பையனப் பார்ல வச்சுப் பாத்தேன்" என்று பற்ற வைத்துவிட்டார். சோடா குடித்தவன் குடிகாரன். குவாட்டர் குடித்தவர் சாட்சி! எங்கே போய் முட்டிக்கொள்வது? அக்காள், அதாவது ராஜாமணியின் அம்மா, நீ அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டதற்கு அந்த மனிதர் கண் இமைக்காமல் சொன்னாராம்:

"அவன் வாரானான்னு பாக்கத்தான் போனேன், அக்கா."

ஃபேமிலி ரூம்

தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்கள் இருபது பேர், கூலி உயர்ந்த சந்தோஷத்தில் மதுரைக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்குத் தலைவி பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் சங்கு. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கதவு சாத்தின ரூமில், காத்தாடிக்குக் கீழே உட்கார வைத்து, வேறு ஆள் பரிமாற வேண்டும். நான் முதல் நாளே போய் ஒரு பெரிய ஓட்டலின் ஃபேமிலி ரூமைப் பேசி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் இருபது பேரும் படியேறினதும் சூப்பர்வைசர் குறுக்கே நின்றார். விரல் நுனியில் மருந்துக் கறையோடு, நூல் சேலையில் வந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. ஆண் துணை இல்லாதவர்களுக்கு ஃபேமிலி ரூம் கிடையாதாம், கீழே பொது ஹாலில் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. நேற்றுப் பேசும்போது நாக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். ரூமில் ஃபேன் ஓடுவதும் சோறு வருவதும் ஆண் முகம் பார்த்துத்தான் நடக்குமா என்று கேட்டேன். சத்தம் கேட்டு முதலாளி வந்து கதவைத் திறந்துவிட்டார். இலை போட்டுச் சோறு விழுந்தது. ஆனால் ஒருத்திகூடக் கையை வைக்கவில்லை. எல்லாருக்கும் போட்டு முடித்துக் கடைசியில் சாப்பிட்டே பழகியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சியம்மாள் ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் பிசைய ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசர், அசடு வழியச் சிரித்துக்கொண்டு, வீட்டு ஆண்பிள்ளை ஒருத்தர்கூடவா வரவில்லை என்று மறுபடி கேட்டார். பேச்சியம்மாள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவிய வந்திருந்தா நாங்க எப்பிடிய்யா உக்காந்து திங்க?"

கை நனையாத ஆள்

தை பிறந்தது. பேச்சியம்மாள் குருசாமி மாமாவின் ஊர்க்காரி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பையனைப் பற்றி நாலு பேர் நாலு சொல்லுவார்கள், ஒரு தடவை அவனோடு வேனில் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று அவரிடம் சண்டை பிடித்திருக்கிறாள். கப் ஜெயித்த ஒரு ஹாக்கி டீமை நான் மதுரைக்கு அழைத்துப் போகிற அன்று, மாமா வெள்ளை வேட்டியும் துண்டுமாக வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு குறை வந்தால் ராஜாமணி கிடையாது.

சாத்தூரில் டீக்கு நிறுத்தினோம். அவருக்கு ஒரு டீ கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "ஒங்க வீட்டுக் காப்பியவே குடிக்கல. முடிவு சொல்லாம எப்பிடிக் கை நனைக்கது?" என்றார். மாமா, இது வீடு இல்லை, டீக்கடை என்றேன். "நீ காட்டுத கடைதான? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதுரையில் மத்தியானம் நான் பார்த்து வைத்திருந்த மெஸ்ஸில் பதினெட்டுப் பேருக்கு இலை விழுந்தது. மாமா மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி சுவரோரம் நின்றார். கோல்கீப்பர் பையன் முதலில் கவனித்தான். பெரியவர் ஏன் சாப்பிடவில்லை என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறான். விவரம் தெரியாத டிரைவர், "அவிய கடை எப்பிடி இருக்குன்னு சோதிக்க வந்த ஆளு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சோதிக்க வந்தவரே சாப்பிடவில்லை என்றால் என்ன அர்த்தம்? கோல்கீப்பர் சோற்றை முகர்ந்து பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் குழம்பைக் கிளறிப் பார்த்தான். ஒரு நிமிஷத்தில் பதினெட்டுக் கைகளும் நின்றுவிட்டன. மெஸ் முதலாளி கரண்டியோடு வெளியே வந்து, என் சோற்றில் என்ன கண்டீர்கள் என்று கத்தினார். கேப்டன் எழுந்து, நல்ல கடைக்குப் போவோம் என்றான்.

என் பொறுமை அத்தோடு போயிற்று. வத்தல் சாக்கும், மச்சினரும், சூப்பர்வைசரும், ஆறு மாதமாகக் காத்துக் கிடந்ததும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. மாமாவுக்கு நேரே போய் நின்றேன்.

"மாமா, பொண்ணு குடுங்க, இல்ல குடுக்காமப் போங்க. ஆனா இந்த ரசத்தக் கெட்டதாக்கிட்டுப் போகாதீய! நேத்து மூணு கடை ஏறி எறங்கி, மூணுலயும் சாப்பிட்டு, நாலாவதா இந்த எலையில உக்காந்தேன். வயிறு இப்பவும் மந்தமாத்தான் கெடக்கு. நாக்கு நீளம்னு சொன்னீயளே, ஊரான் வயித்துக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னு முன்னால போயித் திங்கவனுக்கு அதுதானா பேரு?"

பதினெட்டுப் பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லாரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தானே, கை நனைக்கிற வழக்கம் அவர்களுக்குத் தெரியாதா? மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மெதுவாக நடந்து குழாயடிக்குப் போனார். அவர் குழாயைத் திருகித் தண்ணீரில் கையை நீட்டியதும் கோல்கீப்பர் விசில் அடித்தான். மாமா ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"பொண்ணு குடுத்தாச்சு, மாப்ள. இனி உள்ளதச் சொல்லலாம்லா? உப்பு ஒரு கல்லு கம்மி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டு ரசத்தையும் அந்த ஒரு கல் உப்பைக் குறை சொல்லாமல் அவர் ஒரு வேளைகூட விட்டுவைத்ததில்லை என்பதுதான், அந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பென்ஷன்.